மொச்சை மேலே பார்த்த விவரம்

கடத்தூர்,
தருமபுரி மாவட்டம்.

இயேசு, மரி, சூசை மூவரின் காவலில், அந்த மலைக்காட்டு ஆஸ்பத்திரியில் ஏழைகளுக்கு மருந்து கொடுத்துக்கொண்டும் எங்களுக்காக ஜெபித்துக்கொண்டும் இருக்கிற என் மூத்த சகோதரி சிஸ்டர் பிலோமினாள் அவர்களுக்கு, தம்பி கஸ்பார் பணிவுடன் எழுதிக்கொள்வது. நாங்கள் இங்கே சுகம். சுகம் என்று எழுதாமல் கடிதம் தொடங்கினால் நீங்கள் பயந்துவிடுவீர்கள் என்பதற்காக எழுதுகிறேன். ராயம்மாளுக்கு முட்டிவலி அப்படியே இருக்கிறது. அவள் உங்களுக்குத் தோத்திரம் சொல்லச் சொன்னாள். அதாவது, என்னோடு பேசிக்கொண்டிருந்த காலத்தில் சொன்னாள்.

உங்கள் கடிதம் கிடைத்தது. "உன் வீட்டில் பாம்பை வைத்துக்கொண்டு, திருஇருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றி, ஊரைக் கூட்டிப் பூசை நடத்துகிறாயாமே, உனக்கு மூளை கலங்கிவிட்டதா" என்று கேட்டிருக்கிறீர்கள். போன் சிக்னல் வராத இடத்துக்கு இந்தச் செய்தி மட்டும் எப்படி வந்து சேர்ந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா, பாம்பு இருந்தது உண்மை. மெழுகுவத்தி உண்மை. ஊர் கூடியதும் உண்மை. பூசை மட்டும் பொய். மூளை கலங்கியது பாம்புக்கு, எனக்கு இல்லை. வேலை பார்த்த காலம் முழுவதும் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்தவன் நான். நடுவில் வருகிற ஊர்களில் நிற்காமல் கடைசி ஊருக்குப் போக எனக்குத் தெரியாது. அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

அந்தப் பாம்பை வாங்கியது நம் பெண் அனிஷா. பெங்களூரில் கம்பெனி வேலையில் இருந்தபோது வாங்கி, வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று ஆனதும் கண்ணாடித் தொட்டியோடு இங்கே கொண்டுவந்தாள். ஆப்பிரிக்காக்காரப் பாம்பு. பால் பைத்தான் என்று பெயர், பால் என்றால் இங்கிலீஷில் பந்து. மலைப்பாம்பு ஜாதியில் குள்ளம். விஷம் கிடையாது. பயந்தால் கடிக்காது, தலையை உள்ளே வைத்துக்கொண்டு பந்து மாதிரி சுருண்டுவிடும். நம்முடைய ஊர்ப் பாம்பை வீட்டில் வைத்தால் ஜெயில். இதை அரசாங்கத்தில் பதிவு செய்துவிட்டு வைத்துக்கொள்ளலாம். யாரோ புகார் சொல்லி வனத்துறை ஆட்கள் வந்தார்கள். பதிவுச் சான்றிதழைப் பார்த்தார்கள், காபி குடித்தார்கள், பாம்போடு போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். வாங்கிய புதிதில் அவள் உள்ளங்கையில் அது சுருண்டு படுத்திருந்தபோது வேகவைத்த மொச்சைக்கொட்டை போல இருந்ததாம். அதனால் மொச்சை என்று பெயர் வைத்தாள்.

போன வருஷம் உயிர்த்த ஞாயிறு முடிந்த கையோடு அவள் அருள்குமாரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு ஓசூருக்குப் போனது உங்களுக்குத் தெரியும். வேறு ஜாதி, வேறு சாமி. ஊரில் என்ன பேசுவார்கள் என்று நான் கத்திக்கொண்டிருந்தபோதே அவள் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டாள். கண்ணாடித் தொட்டியை மோட்டார் சைக்கிளில் ஏற்ற முடியாது. மறுநாள் ராயம்மாளுக்குப் போன் செய்து, "அம்மா, மொச்சைக்கு மட்டும் சாப்பாடு போடும்மா" என்றாள். நான் போனைப் பிடுங்கி, "இனிமே இந்த வூட்டுக்குப் போன் பண்ணாத" என்று சொன்னேன். அவள் செய்யவில்லை. சொன்ன சொல்லைக் கேட்டது அந்த ஒரு தடவைதான். அவள் அறையை நான் பூட்டிவிட்டதால் தொட்டியை ராயம்மாள் ஹாலுக்கு நகர்த்தினாள். வேறு மேஜை இல்லாததால் அது திருஇருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே வந்து சேர்ந்தது. எல்லாக் குழப்பத்துக்கும் அதுதான் ஆரம்பம்.

பாம்பைக் கொண்டுபோய் மொரப்பூர்ப் பக்கம் புதரில் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். வெளிநாட்டுப் பிராணியை அப்படி விடக்கூடாது என்று சட்டமாம். சரி என்று வைத்துக்கொண்டேன். அதற்குத் தின்ன எலி வேண்டும். பனிக்கட்டியில் உறைய வைத்த எலி. பெங்களூரிலிருந்து என் பழைய பஸ் சிநேகிதர்கள் மூலமாக பஸ்ஸில் வரும். பார்சல் மேல் மீன் என்று எழுதியிருக்கும். ஒரு தடவை டிரைவர் ஒருவர், "அண்ணே, நமக்கும் ஒரு துண்டு வறுத்துக் குடுங்க" என்று வீடு வரைக்கும் வந்துவிட்டார். ராயம்மாள் அதற்குத் தனியாக ஒரு சின்ன பிரிட்ஜ் கேட்டாள், வாங்கிக் கொடுத்தேன். எலியை வெந்நீரில் போட்டு எடுத்து, இடுக்கியில் பிடித்து, டிக்கெட் நீட்டுவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டுவேன். மொச்சை லபக்கென்று வாங்கிக்கொள்ளும். மற்ற நேரங்களில் நான் செய்தி பார்ப்பேன், அது என்னைப் பார்க்கும். பாசம் ஒன்றும் கிடையாது. பழக்கம்தான்.

இந்தக் கோடையில் அது மாறியது. முதலில் சாப்பிட்டதைக் கக்கியது. வெயில் என்று நினைத்தோம். பிறகு எலியை நீட்டினால் குறி தவறிப் பக்கத்தில் இருக்கும் காற்றைக் கடித்தது. வயசாகிறது என்று ராயம்மாள் சொன்னாள். பிறகு தலையை நிமிர்த்தி மேலேயே பார்க்க ஆரம்பித்தது. பாதி உடம்பு படுத்திருக்கும், கழுத்து வளைந்து, முகம் வானத்தைப் பார்த்து நிற்கும். காலையில் பார்த்தாலும் அப்படி, சாயங்காலம் பார்த்தாலும் அப்படி. மேலே என்ன இருக்கிறது? திருஇருதய ஆண்டவர். ராயம்மாள் வந்து மெதுவாக, "ஏங்க, அது சாமியப் பாக்குதுங்க" என்றாள். எனக்கும் உடம்பு சிலிர்த்தது, அக்கா. பொய் சொல்ல மாட்டேன். பெற்ற பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு போன வீட்டில் ஒரு பாம்பு ஆண்டவர் முகத்தைப் பார்க்கிறது என்றால் யாருக்குத்தான் சிலிர்க்காது? அவள் மெழுகுவத்தி ஏற்றினாள். நான் தடுக்கவில்லை.

பக்கத்து வீட்டுப் பச்சியப்பன் கரண்ட் பில் விவரம் கேட்க வந்தவர் இதைப் பார்த்துவிட்டார். அன்றைக்கே தெரு முழுக்கத் தெரிந்தது. நம் கோயில் பங்கு மக்கள் ஜெபமாலையோடு வந்தார்கள். பச்சியப்பன் வீட்டார் மஞ்சளும் முட்டையும் கிண்ணத்தில் பாலும் கொண்டுவந்தார்கள். பாம்பு பால் குடிக்காதுங்க என்றால், "எங்க பாம்பெல்லாம் குடிக்குமுங்க, ஒங்க பாம்புதான் வெளிநாடு" என்கிறார் பச்சியப்பன். பால் திரிந்து ஹாலே நாறியது. ஒரு அம்மா தன் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகவேண்டும் என்று தொட்டிக் கண்ணாடியைத் தொட்டுக் கும்பிட்டார். நான் நடுவில் நின்று, "முன்னாடி போங்க, முன்னாடி போங்க, வழி விடுங்க" என்று பழைய பழக்கத்தில் கத்திக்கொண்டிருந்தேன். உங்களுக்கு வந்த செய்தி இந்த நாளைப் பற்றியதுதான். பங்குச் சாமியாரும் வந்தார். நெடுநேரம் குனிந்து பார்த்தார். "கஸ்பார், எனக்கு இது பக்தி மாதிரி தெரியல. நோவு மாதிரி தெரியுது. கூட்டத்த அனுப்பிட்டு டாக்டர்கிட்ட காட்டுப்பா" என்றார். எனக்குக் கோபம் வந்தது. சாமியாரே நம்பவில்லையே என்று.

எல்லாரும் போன பிறகு தொட்டியைச் சுத்தம் செய்யலாம் என்று மொச்சையைத் தூக்கினேன். கையில் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டது. கீழே வைத்தேன், மல்லாந்து விழுந்தது. வெள்ளை வயிறு மேலே. ஆரோக்கியமான பாம்பு மல்லாந்தால் கண் இமைக்கும் நேரத்தில் திரும்பிவிடும். இது திரும்பவில்லை. எந்தப் பக்கம் தரை என்று தெரியாமல் முறுக்கிக்கொண்டே இருந்தது. தலை மட்டும் மேலே, மேலே என்று போனது. அங்கே ஆண்டவர் படம் இல்லை, அக்கா. அங்கே மின்விசிறிதான் இருந்தது. நான் போய் மெழுகுவத்தியை அணைத்தேன்.

நம் ஊர் கால்நடை டாக்டர் ஐஸ்வர்யா சின்னப் பெண். வீட்டுக்கே வந்தார். "அய்யா, நான் மாடு ஆடு பாக்கறவங்க. பாம்பு எனக்குப் பழக்கமில்ல. ஆனா இது நரம்புக் கோளாறுன்னு தெரியுது, மூளையில ஏதோ ஆயிருக்குது. நானா ஒரு ஊசி போட்டு மோசம் பண்ண மாட்டேன்" என்றார். அது எனக்குப் பிடித்திருந்தது. பெங்களூரில் இந்த மாதிரிப் பிராணிகளைப் பார்க்கிற டாக்டர் சுகுணாவுக்கு எங்கள் எதிரிலேயே போன் செய்து, தலை ஆடுவதையும் மல்லாந்து கிடப்பதையும் வீடியோ எடுத்து அனுப்பினார். அங்கிருந்து வந்த உத்தரவுகளை ராயம்மாள் ஒவ்வொன்றாகச் செய்தாள். ஏறி விழாமல் இருக்கத் தொட்டியில் இருந்த மரக்கிளையை எடுத்தாள். தலை கவிழ்ந்து மூழ்கிவிடாமல் இருக்கத் தண்ணீர்ச் சட்டியை எடுத்துவிட்டுத் தட்டையான மூடியை வைத்தாள். மெத்தென்று பழைய பேப்பர் விரித்தாள். வெளிச்சமும் சத்தமும் படாமல் துணி போட்டு மூடினாள். சாப்பாடு கொடுக்கவேண்டாம், சும்மா சும்மா தூக்கவேண்டாம், தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவவேண்டும், சூடு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கவேண்டும், சீக்கிரமாக நேரில் கொண்டுவரவேண்டும். எங்கள் வீட்டில் அவ்வளவு அமைதியாக எதுவும் நடந்து நான் பார்த்ததில்லை.

பஸ்ஸில்தான் போனோம். மொச்சையைத் தலையணை உறையில் போட்டுக் கட்டி, ஓட்டை போட்ட தெர்மோகோல் பெட்டியில் வைத்தேன். கோழிக்குஞ்சுக்குக்கூட லக்கேஜ் டிக்கெட் போட்டவன் நான். இந்தப் பையன் கண்டக்டர் வந்து, "பொட்டியில என்னங்க?" என்றான். ராயம்மாள்தான், "நோயாளிங்க" என்றாள். "எங்க?" என்று அவன் எங்கள் பின்னால் பார்த்தான். நான் துறையில் இருந்தவன் என்பதைச் சொல்லி, காதோரமாக விஷயத்தைச் சொன்னேன். அவன் முகம் வெளுத்துப்போனது. டிக்கெட் மெஷினைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான். "இதுக்கு இதுல பட்டன் இல்லீங்களே" என்றான். பிறகு பெங்களூர் வரும்வரை எங்கள் சீட்டுப் பக்கம் வரவேயில்லை. வருஷக்கணக்காக அந்தப் பாம்பைத் தொடாத ராயம்மாள் பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பஸ் குலுங்கும்போதெல்லாம், "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று பெட்டியிடம் சொன்னாள். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்றபோது ஜன்னல் வழியாக ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எனக்குத் தெரியும் யாரைத் தேடினாள் என்று. நான் தூங்குவது போல இருந்தேன்.

கிளினிக்கில் ஒரு கிளி, ஒரு முயல், கூண்டில் ஒரு ஆமை. பதிவு செய்கிற பெண், "பேஷன்ட் பேர்?" என்றாள். மொச்சை என்றேன். "ஓனர் பேர்?" என்றாள். "அனிஷா" என்றாள் ராயம்மாள். "அனிஷா கஸ்பார்." ஒரு வருஷத்துக்கு மேலாக எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத பெயர், அக்கா. கிளி வேறு ஏதோ கத்தியது.

டாக்டர் சுகுணா நிதானமானவர். மல்லாத்திப் பார்த்தார், வாயைத் திறந்து பார்த்தார், கண்ணுக்கு லைட் அடித்தார். தொட்டி ரொம்பச் சூடானதா என்றார். இல்லை. கீழே விழுந்து அடிபட்டதா? இல்லை. வீட்டில் பூச்சி மருந்து, கொசுவத்தி ஏதாவது உண்டா என்றார். அவ்வளவுதான். "இவருதாங்க கதவோரமா எறும்பு மருந்து போட்டாரு" என்றாள் ராயம்மாள். "இவதாங்க கொசுவத்தி கொளுத்துவா" என்றேன் நான். "நீங்க கொட்டுனது பவுடரு, காத்துல பறக்கும்." "உன்னுது பொகை, அது பறக்காதா?" டாக்டர் கையை உயர்த்தி எங்களை நிறுத்தினார். இரண்டு பேரும் உள்ளுக்குள் இத்தனை நாளாக இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் தெரிந்தது. ரத்தம் எடுத்தார்கள். மத்தியானம் கூப்பிட்டார். ரத்த அணுக்களுக்குள் கட்டி கட்டியாகத் தெரிகிறதாம். பாம்புகளுக்கு வருகிற ஒரு வைரஸ் நோயாம். "இது வேற பாம்புகிட்ட இருந்து ஒட்டியிருக்கும்மா. ஒடம்புல இருக்கிற உண்ணி கடத்தும். வருஷக்கணக்கா வெளிய தெரியாம உள்ள இருக்கும். நீங்க வாங்கும்போதே இருந்திருக்கலாம். நீங்க ரெண்டு பேரும் ஒண்ணும் பண்ணல" என்றார். ராயம்மாள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். நிம்மதி வரவேண்டிய இடம், வரவில்லை.

"மருந்து?" என்றேன். "இல்லீங்க. குழாய் வச்சுச் சாப்பாடு குடுத்துக் கொஞ்ச நாள் இழுக்கலாம். ஆனா அதுக்கு எது மேல எது கீழன்னே தெரியல. இப்பவும் பயத்துலதான் இருக்குது. ஊசி போட்டு வலியில்லாம அனுப்பிடறதுதான் நான் சொல்வேன். ஓனர் சம்மதம் வேணும்." நான் சம்மதம் என்றேன். "பதிவு உங்க பேர்ல இல்லையே" என்றார்.

அவள் நம்பரை நான் என் போனிலிருந்து எப்போதோ அழித்துவிட்டேன். ராயம்மாள் சுவரைப் பார்த்துக்கொண்டு மனப்பாடமாக ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். நான் அழுத்தினேன். "ஹலோ" என்றாள். "கஸ்பார் பேசறேன். பாம்பு விஷயமா" என்றேன். பிறகு, "உயிரோட இருக்குதாப்பா?" என்றாள். "இருக்குது. அதாம் பிரச்சனை" என்றேன். விவரம் சொன்னேன். போனிலேயே எழுதி அனுப்பினால் போதும், நேரில் வரத் தேவையில்லை என்று இரண்டு தடவை சொன்னேன். "வரேம்ப்பா. நான் வர்ற வரைக்கும் ஊசி போட வேணாம்னு சொல்லுங்க" என்றாள். வைத்துவிட்டாள்.

வந்தாள். அருள்குமார் கூட்டிவந்தான். அக்கா, அவள் மாசமாக இருக்கிறாள். வயிறு நன்றாகத் தெரிகிறது. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று நான்தானே சொல்லியிருந்தேன். ராயம்மாள் நாற்காலியிலிருந்து எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். நான் கிளியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நல்ல பச்சைக் கிளி. அனிஷாவுக்கு டாக்டர் கையுறை கொடுத்தார். இந்த நிலையில் வெறும் கையால் தொடக்கூடாதாம். அவள் பெட்டியைத் திறந்தாள். மொச்சை முறுக்கிக்கொண்டு மேலே மேலே பார்த்தது. "மொச்ச... நாந்தாண்டி" என்றாள். அது நாக்கை நீட்டியது. பாம்புக்கு ஆள் அடையாளம் அப்படித் தெரியாது என்று எங்கோ படித்திருக்கிறேன். அந்த நேரத்தில் நான் அதைச் சொல்லவில்லை. சில விஷயங்கள் எனக்கும் தெரியும்.

"கொஞ்ச நாள் வெச்சுப் பாக்கலாமா டாக்டர்? நான் கூடவே இருந்து பாத்துக்கறேன்" என்று கேட்டாள். டாக்டர் மொச்சையை மெதுவாகத் திருப்பி மேஜையில் மல்லாத்தினார். அது தரையைத் தேடியது. தேடிக்கொண்டே இருந்தது. உடம்பு முழுவதும் திருகிக்கொண்டு, வாய் லேசாகத் திறந்து, இல்லாத பக்கமெல்லாம் தேடியது. "போதும்" என்றாள் அனிஷா. கையெழுத்துப் போட்டாள்.

அது திருகாமல் இருக்க வாலைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்றார் டாக்டர். நான் பிடித்துக்கொண்டேன். முதல் ஊசி தூங்குவதற்கு. கொஞ்ச நேரத்தில் என் கையில் அந்த முறுக்கு இளகியது. ஒவ்வொரு சுற்றாக, யாரோ உள்ளேயிருந்து கயிற்றை விடுவது போல. பிறகு தலை இறங்கியது. இத்தனை நாளும் வானத்தைப் பார்த்த தலை மேஜையில் மோவாயை வைத்துப் படுத்தது. பழைய மொச்சையாக இருந்தது. இப்போது எழுந்து எலி கேட்கும் போல இருந்தது. அப்புறம்தான் இரண்டாவது ஊசி. பாம்பின் இதயம் நிற்க நேரமாகுமாம். அதைக் கேட்பதற்கு ஒரு சின்னக் கருவி வைத்தார். அறை முழுவதும் கேட்டது. குப்... குப்... என்று, கிணற்றுக்குள் யாரோ நடப்பது போல. ராயம்மாள் என் காதில், "பாம்புக்கு அருள்நிறை மரியே சொல்லலாங்களா?" என்றாள். தெரியலைடி, மனசுக்குள்ள சொல்லு என்றேன். தப்பா சரியா என்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள், அக்கா. அந்தச் சத்தம் தூரம் தூரமாக வந்தது. அடுத்தது வரும் என்று காத்திருந்தோம். வரவில்லை. அந்த நேரத்தில் யாரோ பின்னாலிருந்து என் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. வாலையும் விடவில்லை.

எங்கே புதைப்பது என்று பேச்சு வந்தது. ஓசூரில் அவர்கள் இருக்கிற வாடகை வீட்டைச் சுற்றி ஒரே சிமெண்டு என்றான் அருள்குமார். "கடத்தூர்ல எடம் இருக்குது" என்று சொன்னது நான்தான். ஆனால் அது பாம்புக்குச் சொன்னது. அவர்கள் தங்களுக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். அவன் தன் சிநேகிதனின் காரை இரவல் வாங்கி ஓட்டிவந்தான். நான் முன் சீட்டில். கிருஷ்ணகிரி தாண்டி, "ஏசி போதுங்களா மாமா?" என்றான். "போதும்" என்றேன். எங்களுக்குள் நடந்த பேச்சுவார்த்தை அவ்வளவே. பின் சீட்டில் அம்மாவும் மகளும் பெட்டியை நடுவில் வைத்துக்கொண்டு வந்தார்கள்.

பின்பக்கம் கொய்யா மரத்தடியில் அவன் கடப்பாரை போட்டான். பிடிக்கத் தெரியவில்லை. மண் தெறித்து அவன் கண்ணிலேயே விழுந்தது. பொறுக்க முடியாமல் வாங்கி நானே தோண்டினேன். பச்சியப்பன் சுவரேறி எட்டிப்பார்த்துவிட்டுத் தேங்காய், கற்பூரத்தோடு வந்தார். ராயம்மாள் பரலோக மந்திரம் சொன்னாள். ஒரே நேரத்தில் ஒரு பக்கம் ஆமென், ஒரு பக்கம் தேங்காய் உடைகிற சத்தம். அனிஷா எதையும் கேட்காமல் மண்ணைத் தள்ளினாள், குனிய முடியாமல், காலால். பிறகு வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்து வாசற்படியருகே நின்றாள். நான் உள்ளே வா என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. ராயம்மாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள், நின்றபடியே குடித்தாள். சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது ராயம்மாள் சொம்பை வாங்காமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அருள்குமார் காரைத் திருப்பினான். ராத்திரி என்றும் பாராமல் உடனே போய்விட்டார்கள்.

அன்றிலிருந்து ராயம்மாள் என்னோடு பேசுவதில்லை. ஒரே ஒரு தடவை பேசினாள். சோற்றைத் தட்டில் போட்டுவிட்டு, "அது நோவுல மேலயே பாத்துச்சு. ஒங்களுக்கு என்ன நோவுங்க? வயித்துப் புள்ளையோட பொண்ணு வந்து நிக்கறா, நீங்க கிளியப் பாத்துக்கிட்டு நிக்கறீங்க" என்றாள். தொட்டி காலியாக இருக்கிறது. பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். செய்தி பார்க்கும்போது இப்போது என்னை யாரும் பார்ப்பதில்லை.

ஆகவே, அக்கா, உங்கள் கேள்விகளுக்குப் பதில்: பாம்பு இல்லை. பூசை இல்லை. அதிசயம் எதுவும் நடக்கவில்லை, நடந்தது நோய். மற்ற விஷயத்தில் போன வருஷம் நான் எழுதிய முடிவில் மாற்றம் கிடையாது. அவள் பாம்புக்காக வந்தாள், பாம்பு முடிந்தது, போய்விட்டாள். நீங்கள் நடுவில் புகுந்து சமாதானம் பேசவேண்டாம். முப்பது வருஷம் விசில் ஊதினவன் நான். ஒரு தடவை ரைட் சொன்னால் வண்டி திரும்பி வராது.

மதர் சுப்பீரியருக்கும் மற்ற சிஸ்டர்களுக்கும் எங்கள் வணக்கம். மலைக்குளிரில் காது மூடிக்கொண்டு படுங்கள். உங்கள் ஜெபம் எங்களை விட்டுப் போகாமல் இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டு, ஆண்டவர் உங்களுக்கு ஆயுளும் பலமும் தரும்படி வேண்டும்,

அன்புத் தம்பி,
கஸ்பார்

பின்குறிப்பு: எழுதி முடித்த இந்தக் கடிதம் ஸ்டாம்ப் இல்லாமல் அலமாரியிலேயே கிடந்தது. இதற்குள் அருள்குமார் போன் செய்தான். அனிஷாவுக்கு பிரஷர் ஏறிவிட்டதாம். பிரசவம் வரைக்கும் படுக்கையை விட்டு எழுந்திருக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். "எனக்கு ரசங்கூட வைக்கத் தெரியலைங்க மாமா" என்று அழுகிறான், இவ்வளவு பெரிய ஆள். ராயம்மாள் நேற்றே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். எங்கே போகிறாய் என்றேன். "எம்பொண்ணு வூட்டுக்கு. வர்றதுன்னா வாங்க. இல்லைன்னா அந்தக் கண்ணாடித் தொட்டியக் கழுவி வெச்சிருக்கீங்களே, அதுல படுத்துக்குங்க" என்றாள். போகும்போது என் பிரஷர் மாத்திரையை எல்லாம் வேண்டுமென்றே அவள் பையில் எடுத்துப்போயிருக்கிறாள். மாத்திரைக்காகத்தான் நாளைக் காலை நான் ஓசூர் போகிறேன். கொய்யாப்பழம் ஒரு பை பறித்திருக்கிறேன். அனிஷா அறையைத் திறந்து அவளுடைய பருத்தித் தலையணையையும் எடுத்து வைத்திருக்கிறேன். இரண்டையும் பஸ்ஸில் கொண்டுபோகலாம், தடை கிடையாது. குழந்தை பிறக்கும்வரை நாங்கள் அங்கேதான். இந்தக் கடிதத்தையும் அங்கே போய்த்தான் தபாலில் போடுவேன். முத்திரையில் ஓசூர் என்று இருந்தால் குழம்பவேண்டாம். அனிஷா வீட்டு விலாசம் கடைசிப் பக்கத்தின் பின்னால் இருக்கிறது. பதிலை அங்கேயே எழுதுங்கள். என்னைத் திட்டுவதாக இருந்தால் தனித் தாளில் எழுதுங்கள், அவளுக்கு நான் படித்துக் காட்டவேண்டியிருக்கும்.